ரோஸ் கலர் ரப்பர் வந்து சேர்ந்தது

அன்புள்ள கயலுக்கு, அப்பா எழுதுவது.

பார்சல் போன புதன்கிழமை வந்தது. பிரித்த கையோடு போன் போட்டேன், நீ எடுக்கவில்லை. சாயந்திரம் ‘வந்துருச்சாப்பா’ என்று ஒரு வரி மட்டும் அனுப்பியிருந்தாய். நானும் கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன். 37 வருஷம் தபால் ஆபீஸில் இருந்த மனுஷன் மகளுக்கு ஒரு கடிதம் போட்டால் என்ன என்று அம்மா கேட்டாள். அதனால்தான் இது.

முதலில், என் டேபிள் டென்னிஸ் பேட்டுக்கு நீ அனுப்பிய ரப்பர் விஷயம்.

ரோஸ் கலரைப் பார்த்ததும் கிளப்பில் ஒரே சிரிப்பு. ஐஸ் பிளான்ட் பாய், “என்ன சார், பஞ்சுமிட்டாய் ஒட்டியிருக்கீங்க” என்றார். ஒரு பக்கம் கறுப்பு இப்போதும் கட்டாயம்தான், ஆனால் மறுபக்கம் சிவப்பேதான் இருக்க வேண்டும் என்ற விதி 2021 அக்டோபரோடு போய்விட்டது, ரோஸ், நீலம், பச்சை, ஊதா எல்லாம் செல்லும் என்று விளக்கினேன். அம்மாவுக்கு மட்டும் கலர் ரொம்பப் பிடித்துவிட்டது.

ஒட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இங்கே வாடைக்காற்று இறங்கிவிட்டது. சுவர்கூட ஈரமாக இருக்கிறது. நீ வைத்திருந்த தண்ணிப் பசை வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி மாதிரி ஆகவே முக்கால் மணி நேரம் பிடித்தது. ஓரத்தை உன் பழைய கத்தரிக்கோலால்தான் வெட்டினேன். அது இன்னும் நன்றாக வெட்டுகிறது.

ரப்பருக்கு அடியில் இருக்கும் ஸ்பாஞ்சின் கெட்டித்தனம் பழையதில் 47 டிகிரி. நீ அனுப்பியது 40. ஏழு டிகிரியில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். முதல் நாள், நான் மெல்லத் தள்ளிவிடுகிற புஷ் எல்லாம் மேசையைத் தாண்டிப் போனது. சும்மா தொட்டாலே பந்து உள்ளே அமுங்கித் தானாகத் துள்ளுகிறது. சர்வீஸை வலைக்குப் பக்கத்தில் குட்டையாகத் திருப்பிப் போடுவேனே, அது நடக்கவில்லை. பாய் அடிக்கிற அடியைத் தடுக்கப் போனால் பந்து ஜன்னலுக்குப் போகிறது. ஆறாம் நாள்தான் பிடிபட்டது. பிளாக் பண்ணும்போது கையை முன்னால் தள்ளவே கூடாது. பிடியைத் தளர்த்தி, பேட்டைக் கொஞ்சம் கவிழ்த்து, சும்மா காட்டினால் போதும். வருகிற வேகத்தை ரப்பர் பார்த்துக்கொள்கிறது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சாப் போட்டு, அதாவது அடிப்பக்கம் சீவிவிட்டு, வருகிற பந்தைத் தூக்கி முன்பக்கமாகச் சுழலவிடும் டாப்ஸ்பின் போடுவது இத்தனை சுலபமாக எனக்கு எப்போதும் இருந்ததில்லை. அரைக் கை வீசினாலே போதும். ஸ்பாஞ்ச் பந்தை ஒரு கணம் பிடித்து வைத்துச் சுழற்றி அனுப்புகிறது. எடையும் குறைவு, வலது தோள் ராத்திரி வலிப்பதில்லை. என் தோளை நினைத்துத்தான் வாங்கினாய் என்று புரிந்துகொண்டேன். பேக்ஹேண்டுக்கு 1.8 மில்லிமீட்டர் ஸ்பாஞ்ச் பார்த்து வாங்கியிருக்கிறாய், கொஞ்சம் அடங்கி இருக்கட்டும் என்று. இத்தனை வருஷம் கழித்தும் என் ஆட்டம் உனக்கு ஞாபகம் இருக்கிறது. இதை பாயிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டேன்.

ஸ்மாஷ்தான் போய்விட்டது. ஓங்கி அடித்தால் மெல்லிசுத் தலையணையைக் குத்தி விரல் சுவரில் முட்டுகிற மாதிரி, பந்து ஸ்பாஞ்சைத் தாண்டி மரத்தில் போய் இடிக்கிறது. அதற்குமேல் எவ்வளவு பலம் கொடுத்தாலும் வேகம் ஏறுவதில்லை. பாய் நின்ற இடத்திலேயே நின்று திருப்பிவிடுகிறார். போகட்டும், 66 வயதில் நான் யாரை அடித்து வீழ்த்தப் போகிறேன்? பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் சரத் கமல் 40 வயதில் தங்கம் வாங்கினாரே என்பாய். அவர் சரத் கமல்.

இன்னொன்று, சத்தம். பழைய பேட்டில் ‘டக்’ என்று கேட்கும். அதை வைத்தே பந்து எப்படிப் பட்டது என்று தெரியும். இதில் ‘பொத்’ என்கிறது. 1952ல் பம்பாயில் நடந்த உலகப் போட்டிக்கு ஹிரோஜி சாட்டோ என்ற ஜப்பான்காரர் ஸ்பாஞ்ச் ஒட்டிய மட்டையோடு வந்து ஒற்றையர் பட்டத்தையே கொண்டுபோனார். எதிரில் நின்றவர்கள் பந்து படும் சத்தம் கேட்காமல் திண்டாடிப் போனார்கள். சத்தம் வராவிட்டால் எதிரில் இருப்பவனுக்கு எதுவும் புரியாது, தாயி.

தீபாவளிக்கு நீங்கள் வரவில்லை. வேலை என்றாய். சரி. அந்த வாரம் மூன்று தடவை பேசினோம், மூன்று தடவையும் மாப்பிள்ளை குளித்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் நீயும் பேசுவதில்லை. ரப்பர் அனுப்பத் தெரிந்த பெண்ணுக்கு இரண்டு வார்த்தை பேசத் தெரியாதா என்று அம்மா கேட்கிறாள். நான் கேட்கவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.

ரப்பரை ஆடி முடித்ததும் தண்ணீர் தொட்டுத் துடைத்து, ஃபிலிம் ஒட்டி, உறையில் போட்டுத்தான் வைக்கிறேன். உப்புக்காற்றும் தூசியும் பட்டால் பிடிப்புப் போய்விடும். உனக்கும் இதைத்தான் சொல்லுவேன், சின்ன வயதில் கேட்க மாட்டாய். இப்போது ஆடுகிறாயா? பக்கத்தில் ஏதாவது கிளப் இருக்கிறதா? இருந்தால் போ. நாலு மனுஷர்களைப் பார்க்கலாம்.

உன்னுடைய ரப்பரும் இப்படித்தான் மெத்தென்று இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? உனக்கு 13 வயது. மெல்போர்னில் சரத் கமல் தங்கம் வாங்கிய 2006. எனக்குத் தலைகால் புரியவில்லை. மெட்ராஸ் பையன் வாங்கினால் மண்டபத்துப் பெண் ஏன் வாங்கக் கூடாது? பெரிய ஆட்டக்காரர்கள் கெட்டி ரப்பரில்தான் ஆடுகிறார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கடன் வாங்கி ஒன்று வாங்கினேன். மதுரைப் போட்டிக்கு முந்தின ராத்திரி, லாட்ஜில் நீ தூங்கினதும், உன் ரப்பரைப் பிய்த்துவிட்டு சைக்கிள் பஞ்சர் சொல்யூஷன் தடவி அதை ஒட்டினேன். காலையில் நாலு பந்து அடித்துப் பார்த்துவிட்டு, “அப்பா, என் பேட்டுக்கு என்னாச்சு?” என்றாய். “பழகினா சரியாயிரும்” என்றேன். அரைமணி நேரத்தில் பழக ஒரு குழந்தையால் முடியுமா? கெட்டி ரப்பருக்கு வேகமான கை வேண்டும், முழு வீச்சு வேண்டும். உன் கை அன்றைக்குக் குச்சி மாதிரி இருக்கும். பந்தெல்லாம் வலையில். முதல் சுற்றிலேயே மூன்று கேமும் போயிற்று. திரும்பி வரும் பஸ்ஸில் பரமக்குடி வரைக்கும் உன் கால் நகரவில்லை, கால் நகரவில்லை என்றே திட்டிக்கொண்டு வந்தேன். பேட்டை நான் மாற்றினதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கப்புறம் நீ பேட்டைத் தொடவில்லை. காய்ச்சலில் ஆடியதால் தோற்றாய் என்றுதான் அம்மா இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

இந்த ரப்பரை ஒட்டி ஆடும்போதுதான், உன் கையிலிருந்து எதைப் பிடுங்கினேன் என்று எனக்கே தெரிகிறது.

அதே சொல்லை உன்னிடம் இன்னொரு தடவையும் சொன்னேன். போன வருஷம் மீன்பிடித் தடைக்காலம், படகெல்லாம் கரையில் நின்றது, நீ மட்டும் தனியாக வந்து நாலு நாள் இருந்தாய். பின்வாசலில் மீன் ஆய்ந்துகொண்டே ஏதோ சொல்ல ஆரம்பித்தாய். நான் முழுசாகக் கேட்கவில்லை. பழகினா சரியாயிரும் என்று சொல்லிவிட்டு கிளப்புக்குக் கிளம்பிவிட்டேன். அன்றைக்கு யாரிடம் ஆடினேன், ஜெயித்தேனா என்பதுகூட ஞாபகமில்லை. நீ அருவாமனையை மடக்கி வைத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

இனி அப்படிச் சொல்ல மாட்டேன்.

மற்றபடி இங்கே எல்லோரும் சுகம். அத்தை வீட்டுக் கிணற்றில் தண்ணீர் ஊறிவிட்டது. புதுப் பாம்பன் பாலத்தில் நீ இன்னும் போகவில்லை. எங்கிருந்து கிளம்பினாலும் மதுரை வந்து ராமேஸ்வரம் வண்டி ஏறினால் மண்டபத்தில் இறங்கிக்கொள்ளலாம். ராத்திரி வண்டி என்றாலும் ஸ்டேஷனில் நான் நிற்பேன். உன் அறை அப்படியேதான் இருக்கிறது, ஃபேன் மட்டும் மாற்றியிருக்கிறோம். நேரத்துக்குச் சாப்பிடு. நெத்திலிக் கருவாடு அம்மா காயவைத்துக்கொண்டிருக்கிறாள், மழை விட்டதும் அனுப்புகிறோம்.

பார்சலின் மேல் உன் கையெழுத்தில் இருந்த பின்கோடு 641ல் ஆரம்பித்தது. அம்மா கவனிக்கவில்லை. சென்னை 600க்கும் கோயம்புத்தூர் 641க்கும் வித்தியாசம் தெரியாமலா அத்தனை வருஷம் தபால் பிரித்தேன்? கேட்க வேண்டாம் என்றால் கேட்கவில்லை. இந்தக் கடிதத்தை அந்த 641 விலாசத்துக்கே போடுகிறேன். உறைமேல் உன் பெயர் மட்டும்தான் எழுதியிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா