பள்ளி மைதானத்தில் பிளாஸ்டிக் புல் விரிக்கும் முன்: டெல்டா நகர்மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் நகராட்சி, பேரூராட்சி மன்றத்தாருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும்,

வணக்கம்.

மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடும் டர்ஃப் (செயற்கைப் புல்) மைதானங்கள் நம் ஊர்ப் புறவழிச்சாலைகளில் வந்துவிட்டன. அவை தனியார் இடம், தனியார் பணம். ஆனால் அதே பச்சை விரிப்பைப் பள்ளி மைதானத்திலும் ஊர்ப் பொது மைதானத்திலும் விரிக்க வேண்டும் என்ற பேச்சு எழும்போது அது நம் எல்லோருடைய விஷயமாகிறது. எதிர்ப்பவர்கள் 'புற்றுநோய் வரும்' என்கிறார்கள். ஆதரிப்பவர்கள் 'சேறு இல்லை, தண்ணீர்ச் செலவு இல்லை, மழையிலும் ஆடலாம்' என்கிறார்கள். இரண்டு தரப்புமே வெயிலையும் வடிகாலையும் பற்றிப் பேசுவதில்லை. டெல்டாவில் இந்த விரிப்பு தோற்கப்போவது அந்த இரண்டில்தான்.

முதலில் பொருள் என்ன என்று பார்ப்போம். பாலிஎத்திலீன் இழைகளை ஒரு துணியில் தைத்து, அடியில் லேடெக்ஸோ பாலியூரித்தேனோ பூசிய கம்பளம் இது. கால்பந்துக்கான இழை 40 முதல் 60 மி.மீ. உயரம். இழை நிமிர்ந்து நிற்கவும், விழுந்தால் அடி தாங்கவும் இடையில் மணலும் ரப்பர் துகளும் கொட்டுவார்கள். துகள் பெரும்பாலும் பழைய டயரை அரைத்தது, அரை மில்லிமீட்டர் முதல் 3 மில்லிமீட்டர் வரை இருக்கும். முழு அளவுக் கால்பந்து மைதானம், அதாவது 105-க்கு 68 மீட்டர், 7,140 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 10 கிலோ என்று குறைத்துப் போட்டாலே 71 டன் டயர்த் துகள்.

புற்றுநோய்ப் பேச்சை நியாயமாகவே பார்ப்போம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் செயற்கைப் புல்லில் ஆடிய கால்பந்து வீரர்களிடையே புற்றுநோய் அதிகம் என்ற அச்சம் எழுந்து, அந்த மாநிலச் சுகாதாரத் துறை ஆராய்ந்து 2017-இல் அறிக்கை தந்தது. எதிர்பார்க்கும் அளவைவிட அதிகம் இல்லை என்றது. ஐரோப்பிய ரசாயன முகமையும் அதே ஆண்டு, துகளால் வரும் உடல்நல ஆபத்து மிகக் குறைவு என்றே மதிப்பிட்டது. ஆனால் அந்த மதிப்பீடு அங்கே கிடைத்த, சோதித்துப் பார்த்த துகளுக்கு உரியது. டயரில் பல்வளைய நறுமண ஹைட்ரோகார்பன்கள் உண்டு. அவற்றுள் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய எட்டின் கூட்டுத்தொகை கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு ஐரோப்பாவில் 2022 முதல் நடைமுறையில் உள்ளது. எந்த டயர், எந்த ஆலை என்று தெரியாமல் மூட்டையில் வரும் துகளுக்கு அந்த அறிக்கைகளைச் சான்றாகக் காட்ட முடியாது. நிறமியில் ஈயம் இருந்ததால் 2008-இல் நியூ ஜெர்சியில் சில பழைய நைலான் மைதானங்களை மூட நேர்ந்ததையும் நினைவில் வையுங்கள். சோதனைச் சான்று கேட்பது நம் உரிமை. புற்றுநோய் என்று பயமுறுத்துவது நம் வேலை அல்ல.

இனி வெயில். அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் 2002-இல் அளந்தார்கள். காற்றின் வெப்பம் 37 டிகிரி செல்சியஸ் இருந்த நாளில் செயற்கைப் புல்லின் மேற்பரப்பு 93 டிகிரி வரை போனது. 37 டிகிரி என்பது தஞ்சாவூரில் சாதாரணச் சித்திரை நாள். 'தண்ணீர் தெளித்தால் ஆறிவிடும்' என்பார்கள். அங்கேயே அதையும் பார்த்தார்கள். 79 டிகிரியில் இருந்த பரப்பு தண்ணீர் விட்டதும் 29-க்கு இறங்கியது. ஐந்தே நிமிடத்தில் 49 ஆனது. இருபது நிமிடத்தில் 73. முழு மைதானத்தை 3 மி.மீ. நனைக்க 21,000 லிட்டருக்கு மேல் வேண்டும். அவ்வளவும் சில நிமிட நிம்மதிக்கு. தண்ணீர் மிச்சம் என்ற வாதம் பகல் ஆட்டத்தில் இப்படித்தான் ஆவியாகிறது.

50 டிகிரி பரப்பில் தோல் பத்து நிமிடத்துக்குள் புண்ணாகும். இந்த விரிப்பு ஷூ போட்டு ஆடுபவர்களுக்காக வடிவமைக்கப்பட்டது. நம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் பலர் வெறுங்காலோடுதான் ஓடுகிறார்கள், உடற்கல்வி வகுப்பும் காலை பத்தரைக்கும் பிற்பகல் இரண்டுக்கும் வருகிறது. இரவு விளக்கில் ஆடும் தனியார் டர்ஃபில் இந்தச் சிக்கல் தெரியாது. அதைப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கு எஸ்டிமேட் போடுவதுதான் தவறு.

எங்காவது ஏற்கெனவே விரித்துவிட்டார்களா? அப்படியானால் துப்பாக்கி வடிவ வெப்பமானி ஒன்று வாங்கி உடற்கல்வி ஆசிரியரிடம் கொடுங்கள். 11 மணி, 1 மணி, 3 மணிக்கு ஐந்து இடங்களில் அளந்து ஒரு நோட்டில் எழுதட்டும். எந்த இடத்தில் 50 டிகிரியைத் தாண்டினாலும் அன்றைக்கு ஆட்டம் நிழலுக்குப் போக வேண்டும். காற்றின் வெப்பத்தை வைத்து முடிவு செய்யக்கூடாது, காரணம் மேலே சொன்னதே.

அடுத்தது வடிகால். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கோவையிலோ ஓசூரிலோ போட்ட வரைபடத்தை அப்படியே இங்கே கொண்டுவருவதில்தான் எல்லாக் கேடும் தொடங்குகிறது. வழக்கமான முறை இது: 30 முதல் 45 செ.மீ. ஆழம் மண்ணை எடுத்து, அடியில் ஜியோ துணி (மண்ணைத் தடுத்துத் தண்ணீரை விடும் துணி) விரித்து, ஓட்டைக் குழாய்களைப் பதித்து, 15 முதல் 25 செ.மீ. ஜல்லி நிரப்பி, மேலே பொடி ஜல்லி தட்டி, கம்பளம் விரிப்பது. மேட்டு நிலத்தில் இது அருமையாக வடியும். நம் ஊரிலோ மைதானம் பெரும்பாலும் பள்ளமான புறம்போக்கு, குழாயின் வாய் அருகிலுள்ள வாய்க்காலில். ஐப்பசி, கார்த்திகையில் வாய்க்கால் கரை தொட்டு ஓடும்போது குழாய் வழியாகத் தண்ணீர் வெளியே போகாது, உள்ளே வரும். ஜல்லி அடுக்கு முழுதும் நிரம்பும். ஒரே நாளில் 10 செ.மீ. மழை பெய்தால் 7,140 சதுர மீட்டரில் விழுவது ஏழு லட்சம் லிட்டருக்கு மேல். அது மேலேதான் நிற்கும். ரப்பர் தண்ணீரைவிடச் சற்றுக் கனமானதுதான் என்றாலும், காய்ந்த துகள் காற்றைப் பிடித்துக்கொண்டு மிதக்கும், பள்ளமான மூலை வழியாக வாய்க்காலுக்குப் போகும்.

அந்த வாய்க்கால் நமக்குச் சாக்கடை அல்ல. ஒரு வயலின் வடிகால் அடுத்த வயலின் பாசனம், கடைசியில் குளம். டயரின் எடையில் ஏறக்குறைய 1 முதல் 2 சதவீதம் துத்தநாகம். 'நெல்லுக்கே துத்தநாக சல்பேட் போடுகிறோமே, நல்லதுதானே' என்று யாராவது கேட்கக்கூடும். ஹெக்டேருக்கு 25 கிலோ என்று அளந்து சேற்றில் போடுவது வேறு, தண்ணீரில் கரைந்து வந்து குளத்து மீன் குஞ்சிலும் நீர்ப்பூச்சியிலும் சேர்வது வேறு. கரைந்த துத்தநாகம் மிகச் சிறிய அளவிலேயே நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. டயரிலிருந்து வரும் 6பிபிடி-குயினோன் என்ற வேதிப்பொருள் அமெரிக்க மேற்குக் கரையில் கோஹோ சால்மன் மீன்களைக் கொல்கிறது என்று 2020-இல் கண்டறிந்தார்கள். அந்த மீன் நம் ஆற்றில் இல்லை, ஆகவே அதைக் காட்டி இங்கே கூச்சல் போடத் தேவையில்லை. துத்தநாகமும் துகளும் போதும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் நுண்பிளாஸ்டிக்குகளுக்குத் தடை விதித்தபோது மைதானத் துகளையும் அதில் சேர்த்தது. 2031 அக்டோபருக்குப் பின் அங்கே அதை விற்க முடியாது. அங்கே கடை மூடும்போது சரக்கு எந்தப் பக்கம் திரும்பும் என்று யூகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைக்கு அபராதம் போடும் நகராட்சி, வாய்க்கால் கரையில் டன் கணக்கில் துகள் கொட்டுவதை எந்தத் தீர்மானத்தில் நியாயப்படுத்தும்?

களிமண் இன்னொரு தொல்லை. பழைய டெல்டாவின் கனத்த களி மழையில் உப்பி, கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். ஜல்லி அடுக்கு அதோடு சேர்ந்து ஏறி இறங்கும். முதலில் கம்பளத்தின் ஒட்டுத் தையல் வாய் பிளக்கும், அங்கே கால் மாட்டிக் கணுக்கால் திருகும். கோல் முன்பாகவும் பெனால்டி புள்ளியிலும் துகள் சீக்கிரம் சிதறிக் குறைவதால் அந்த இடங்களில் விழுந்தால் அடி பலமாகப்படும். வாரம் ஒருமுறை பிரஷ் இழுத்து, குறைந்த இடத்தில் துகள் நிரப்பி, விழும்போது படும் அடியின் பலத்தைக் காட்டும் ஜி-மேக்ஸ் அளவை 200-க்குக் கீழே வைத்திருக்க வேண்டும். இதற்கு ஆளும் கருவியும் எந்த எஸ்டிமேட்டிலும் இருப்பதில்லை. 'பராமரிப்பே இல்லை' என்று விற்ற பொருள் அல்லவா? உராய்வில் தோல் உரிந்தால் சோப்பு போட்டுக் கழுவி மூட வேண்டும். வியர்வையும் எச்சிலும் நாயின் சிறுநீரும் இதில் மட்காது, மண்ணில்தான் மட்கும். தீபாவளி வெடி விழுந்தால் உருகி ஓட்டையாகும்.

எட்டிலிருந்து பத்து ஆண்டில் கம்பளம் தேய்ந்துவிடும். அப்போது கம்பளம் சுமார் 18 டன், மணல் 100 டன், துகள் 71 டன் என ஏறத்தாழ 190 டன் கலவை கையில் இருக்கும். மணலைத் துகளிலிருந்து பிரிக்கும் எந்திரம் நம் குப்பைக் கிடங்குகளில் கிடையாது. அப்புறம் நடப்பது நமக்குத் தெரியும்: யாரோ தீ வைப்பார்கள், மூன்று நாள் கரும்புகை வரும்.

சரி, மாற்று என்ன? நம் வரப்பில் தானாக முளைக்கும் அருகம்புல்தான் உலகமெங்கும் வெப்பநாட்டு விளையாட்டு மைதானங்களில் 'பெர்முடா' என்ற பெயரில் போடப்படுகிறது. மைதானம் சேறாவது புல்லின் குற்றம் இல்லை, மட்டமும் வடிகாலும் இல்லாத குற்றம்.

செய்முறை சுருக்கமாக: நீளவாக்கில் நடுக்கோட்டை உயர்த்தி இரு பக்கமும் நூற்றுக்கு ஒன்று சரிவு கொடுங்கள். 34 மீட்டருக்கு 34 செ.மீ. இறக்கம், ஆடுபவர் கண்ணுக்குத் தெரியாது. களியைத் தோண்டி எடுக்க வேண்டாம், அதன் மேலேயே ஏற்றுங்கள், பள்ளம் குறையும். 5 மீட்டர் இடைவெளியில் 10 செ.மீ. அகலம், 40 செ.மீ. ஆழத்தில் கீற்றுக் கால்வாய் வெட்டிச் சிறு ஜல்லி நிரப்புங்கள். மேலே 10 முதல் 15 செ.மீ. கழுவிய எம்-சாண்டும் மட்கிய எருவும் கலந்த அடுக்கு. ஆற்று மணல் கேட்காதீர்கள், கொள்ளிடத்தில் அள்ளியது போதும். செலவைக் குறைக்கக் களியோடு கொஞ்சம் மணலைக் கலந்து உழுவது பலர் செய்யும் தப்பு. அது காய்ந்தால் செங்கல்லாகிவிடும். மணல் தனி அடுக்காக இருக்க வேண்டும். வடிகாலின் வாய், மழைக்கால வாய்க்கால் நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். அதற்கு வழியில்லாத இடத்தில் ஓரத்தில் ஒரு குட்டை வெட்டுங்கள். மைதானத் தண்ணீர் அதில் இறங்கும், கோடையில் அதையே இறைக்கலாம்.

இரண்டு மூன்று கணு உள்ள தண்டுத் துண்டுகளை 15 செ.மீ. இடைவெளியில் நட்டு உருளை ஓட்டுங்கள். எட்டிலிருந்து பத்து வாரம் யாரும் ஆடக்கூடாது, மாசிக் கடைசியில் நட்டால் கோடை விடுமுறை அதற்குத் தோதாக அமையும். வெட்டும் உயரம் 25 முதல் 30 மி.மீ. ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டினால் புல் கருகும். கோரை தலைகாட்டும்போதே கிழங்கோடு பிடுங்க வேண்டும், வெட்டினால் பெருகும். வேதாரண்யம், நாகைப் பக்கம் ஆழ்குழாய் நீர் உப்பாக இருந்தால் உப்பு தாங்கும் பாஸ்பலம் வகைப் புல்லைக் கேளுங்கள்.

புல்லுக்கும் விலை உண்டு, மறைக்கவில்லை. கோடையில் நாளுக்கு 5 மி.மீ. என்றால் 36,000 லிட்டர், 12,000 லிட்டர் லாரி மூன்று. வாரம் 20, 25 மணி நேரத்துக்கு மேல் ஆடினால் கோல் முன்பாக வழுக்கை விழும். அடைமழை நாட்களில் மைதானத்தைப் பூட்டித்தான் ஆக வேண்டும். ஒரு நிரந்தரப் பராமரிப்பாளர் வேண்டும், தினக்கூலிக்கு வந்து போகிறவர் போதாது. கபடிக்கு ஓரத்தில் மண் களத்தை அப்படியே விடுங்கள்.

செயற்கை விரிப்பே கூடாது என்பது எங்கள் வாதம் அல்ல. கிரிக்கெட் வலைப்பயிற்சிக்குக் கான்கிரீட் மேல் துகள் இல்லாத குட்டை இழைக் கம்பளம் நல்ல தீர்வு. கூரை போட்ட சிறு ஐவர் கால்பந்துக் களமும் சரி, வெயிலும் மழையும் நேராக விழுவதில்லை. அப்படிப் போடும்போது ஒப்பந்தத்தில் இவை இருக்கட்டும்: டயர்த் துகள் வேண்டாம், கழுவிய மணல் மட்டும். தென்னை நார்க்கழிவைச் சிலர் சொல்வார்கள். பட்டுக்கோட்டைப் பக்கம் தாராளமாகக் கிடைக்கிறதுதான், ஆனால் காய்ந்தால் பறக்கும், வெள்ளத்தில் மிதக்கும், நம் மழைக்கு ஒத்துவராது. இழையில் ஈயம் பத்து லட்சத்தில் 100 பங்குக்குக் கீழே என்று ஆய்வகச் சான்று, அதுவும் மாதிரித் துண்டுக்கு அல்ல, வந்திறங்கிய சுருளிலிருந்து மன்றமே வெட்டி அனுப்பிய துண்டுக்கு. சுற்றிலும் 20 செ.மீ. தடுப்புச் சுவர், வாசலில் ஷூ தட்டும் கம்பி மிதி, வடிகாலில் கழற்றிச் சுத்தம் செய்யும் சல்லடைத் தொட்டி. விளக்குக் கம்பங்களுக்கு எர்த்தும் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பானும். புயல் எச்சரிக்கை வந்தால் கழற்றக்கூடிய வலை. 2018 கஜாவுக்குப் பிறகு இதை விளக்க வேண்டியதில்லை. தேய்ந்த கம்பளத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியது போட்ட நிறுவனமே, அதற்கான வைப்புத்தொகை பத்தாண்டுக்கு மன்றத்தின் கணக்கில் இருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையைக் கேட்டதும் எத்தனை பேர் டெண்டரிலிருந்து விலகுகிறார்கள் என்று பாருங்கள்.

மாசியில் நட வேண்டுமானால் ஐப்பசி, கார்த்திகையிலேயே மட்டம் எடுக்கும் ஆளை மைதானத்துக்கு அனுப்புங்கள். தண்ணீர் எந்த மூலையில் எத்தனை நாள் நிற்கிறது, வாய்க்கால் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்பதை அப்போது முளை அடித்துக் குறித்துவைத்தால்தான் தையில் போடும் எஸ்டிமேட் சரியாக வரும்.

இப்படிக்கு,
மைதானப் பராமரிப்பு, மண் பரிசோதனை, வடிகால் வேலைகளில் உள்ள டெல்டாக்காரர்கள்