பாடத்தேர்வுப் படிவமும் களைத்த மாலைப்பொழுதும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். வரும் திங்கட்கிழமை உங்கள் பிள்ளைகள் அடுத்த கல்வியாண்டுக்கான பாடத்தேர்வுப் படிவத்தை வீட்டுக்குக் கொண்டு வருவார்கள். எந்தப் பாடத்தை எடுப்பது, எதை விடுவது என்பதை வகுப்பாசிரியர்கள் தனியே விளக்குவார்கள். நான் எழுத வந்தது வேறொன்றைப் பற்றி: அந்தப் படிவத்தை எந்த நேரத்தில், எப்படிப்பட்ட மனநிலையில் கையில் எடுக்கிறோம் என்பதையும் தயவுசெய்து கருத்தில் கொள்ளுங்கள்.

இதை நான் சொந்த அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். சென்ற ஆண்டு ஒரு நாள் மாலை, கடைசி மணி அடித்த பிறகு, ஒரு மாணவனை ஆய்வகத்தில் நடந்த தகராறுக்காக என்னிடம் அழைத்து வந்தார்கள். அன்று காலையிலிருந்தே எனக்கு ஓய்வில்லை; மதிய உணவும் பாதியில் நின்றுபோயிருந்தது. கேட்ட கேள்விகளுக்கு அவன் பதில் சொல்லாமல், அவிழ்ந்து கிடந்த தன் காலணிக் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்த மௌனத்தை நான் திமிர் என்று எடுத்துக்கொண்டேன். அந்தப் பருவம் முழுவதும் அவன் விளையாட்டு அணியில் இருக்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை, அலுவலர் எடுத்துச் செல்லும் முன் அந்தத் தாளைத் தற்செயலாகப் பார்த்தேன். வரிகள் சரிந்திருந்தன, பேனாவை அழுத்திய அழுத்தத்தில் அடியில் இருந்த தாளிலும் எழுத்துகள் பதிந்திருந்தன. இரவுக்குள் அவனைப் பற்றி எனக்குப் புதிய செய்தி எதுவும் வந்துவிடவில்லை. நான் உண்டு, உறங்கி எழுந்திருந்தேன், அவ்வளவுதான். அவனை அழைத்து, முந்தைய நாள் கேட்கத் தவறியதைப் பொறுமையாகக் கேட்டபோது, சண்டையிட்ட இருவரை விலக்கிவிடப் போனவன் அவன் என்று தெரிந்தது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டு அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து இதைப் பற்றி நிறையப் படித்தேன்.

மனநிலையை நாம் நம்மை அறியாமலே ஒரு தகவலாகப் பயன்படுத்துகிறோம் என்று உளவியலாளர்கள் நார்பர்ட் ஷ்வார்ஸும் ஜெரால்ட் க்ளோரும் 1983-ல் எழுதினார்கள். வெயில் நாள்களிலும் மழை நாள்களிலும் தொலைபேசியில் மக்களை அழைத்து, வாழ்க்கை எவ்வளவு மனநிறைவாக இருக்கிறது என்று கேட்டபோது, மழை நாளில் கேட்கப்பட்டவர்கள் குறைவாகச் சொன்னார்கள். ஆனால் முதலில் வானிலையைப் பற்றி விசாரித்துவிட்டு அதே கேள்வியைக் கேட்டபோது அந்தச் சோர்வு பதிலில் தெரியவில்லை. வானிலைக்கு அத்தனை செல்வாக்கு உண்டு என்பது பிற்காலத்துப் பெரிய ஆய்வுகளில் உறுதிப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இருந்தாலும், ‘இந்த எரிச்சல் எங்கிருந்து வருகிறது’ என்று ஒரு கணம் கேட்டுக்கொள்வதன் பயனை நான் அன்றாடம் காண்கிறேன். பிள்ளையின் மதிப்பெண்ணைப் பார்த்து வரும் கோபத்தில் எத்தனை பங்கு மதிப்பெண்ணால் வந்தது, எத்தனை பங்கு நாள் முழுதும் பட்ட அலைச்சலால் வந்தது என்பதைப் பிரித்துப் பார்த்தாலே பேச்சின் தொனி மாறிவிடும்.

நேரமும் இதில் சேர்கிறது. டென்மார்க்கில் பள்ளி மாணவர்கள் கணினியில் எழுதிய ஏறத்தாழ 20 லட்சம் தேர்வுகளை ஆராய்ந்து 2016-ல் ஒரு கட்டுரை வெளியானது. பொழுது ஏற ஏற, மணிக்கு மணி மதிப்பெண் சிறிது குறைந்தது. தேர்வுக்கு முன் 20 முதல் 30 நிமிடம் இடைவேளை கிடைத்தவர்களுக்கு அது மீண்டும் உயர்ந்தது. சராசரியில் இது சிறிய வேறுபாடுதான் என்றாலும், படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளையே அதிகம் பாதித்தது என்பது என்னை யோசிக்க வைத்தது.

உறக்கத்தைப் பற்றிச் சற்று அழுத்தியே சொல்ல விரும்புகிறேன். தொடர்ந்து 14 இரவுகள் 6 மணி நேரம் மட்டுமே உறங்கியவர்களை 2003-ல் வெளியான ஓர் ஆய்வு சோதித்தது. கடைசி நாள்களில் அவர்களுடைய கவனம் ஓர் இரவு முழுவதும் கண் விழித்தவர்களுக்கு நிகராகத் தளர்ந்திருந்தது. அவர்களோ தமக்கு இலேசான தூக்கக் கலக்கம்தான் என்று நம்பினார்கள். ‘நான் நன்றாகத்தான் இருக்கிறேன்’ என்று பிள்ளை சொல்வதை மட்டும் வைத்து நாம் முடிவுக்கு வர முடியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. 13 முதல் 18 வயதுவரை நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரம் உறக்கம் தேவை. பருவ வயதில் உடலின் கடிகாரமே பின்னுக்குத் தள்ளிப்போவதால் அவர்களுக்கு இரவில் தாமதமாகவே உறக்கம் வருகிறது. அதைச் சோம்பல் என்று ஏசாதீர்கள்.

மகிழ்ச்சியும் அவசரப்படுத்தும். நெருங்கிய தோழி எடுத்த பாடத்தையே தானும் எடுப்பதாகக் குதூகலத்தில் சொல்லிவிட்டு, பிறகு வகுப்பில் வாடி உட்கார்ந்திருந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே படிவத்தை வந்த அன்றே நிரப்ப வேண்டாம். முதல் நாள் வாசித்து மட்டும் வையுங்கள். இருவரும் உண்டு, உறங்கி எழுந்த ஒரு விடுமுறைக் காலையில் உட்கார்ந்து பேசுங்கள். இரவுப் பணிக்குச் செல்பவர்கள் தங்களுக்கு ஓய்வு கிடைக்கும் வேளையைத் தேர்ந்துகொள்ளலாம். வேலை முடிந்து அலுத்துப்போய் வீடு திரும்பும் உங்கள்மேல் இன்னொரு சுமையை ஏற்றுவது என் எண்ணமன்று. அந்த அலுப்பை அறிந்ததால்தான் கால அவகாசம் தருகிறோம். பிள்ளை முகம் சுளித்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு மறுநாள் தொடர்ந்தால் போதும்.

பள்ளியிலும் சிலவற்றை மாற்றியிருக்கிறோம். கடைசி மணிக்குப் பிறகு எந்த ஒழுங்கு நடவடிக்கையையும் முடிவு செய்வதில்லை. அது மறுநாள் காலைக்குத் தள்ளிவைக்கப்படும். பெற்றோர்–ஆசிரியர் சந்திப்புகள் இனிச் சனிக்கிழமை முற்பகலில் நடைபெறும். எங்களிடமிருந்து அவசரத்தில் எழுதியதுபோல் தோன்றும் குறிப்பு ஏதேனும் வந்தால், தயங்காமல் நேரில் வந்து என்னிடம் கேளுங்கள்.

படிவத்தைத் திருப்பித் தர இரண்டு வாரம் அவகாசம் உண்டு. கொடுத்த பிறகு மனம் மாறினால், அடுத்த ஒரு வாரத்துக்குள் அலுவலகத்தில் புதிய படிவம் பெற்றுக்கொள்ளலாம்; அதற்குக் காரணம் எழுதித் தர வேண்டியதில்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்