லீவு எடுத்தும் ஆறுதல் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

நல்லூர்த் திருவிழாக் கொடி இறங்கியதும் யாழ்ப்பாணத்துக் கந்தோர்களிலும் கடைகளிலும் ஒரே பேச்சுத்தான்: "இந்த வருச லீவெல்லாம் முடிஞ்சுது." எங்கே போனதென்று கலண்டரைப் புரட்டினால் தெரியும். வெளிநாட்டுச் சொந்தக்காரரைக் கூட்டிவரக் கட்டுநாயக்காவுக்கு இரண்டு நாள், கலியாணத்துக்கு இரண்டு, செத்தவீட்டுக்கு ஒன்று, அந்தியேட்டிக்கு ஒன்று, தேருக்கும் தீர்த்தத்துக்கும் ஒவ்வொன்று. எல்லாம் போகவேண்டிய இடங்கள்தான். ஆனால் ஒன்றிலாவது ஆறுதலாக இருந்தோமா?

சட்டம் இதில் எங்களைவிட விவரமானது. இலங்கையில் கடை, அலுவலக ஊழியருக்கான 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம், சம்பளத்தோடு 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் கசுவல் லீவும் தருகிறது. அந்த 14 நாளில் குறைந்தது 7 நாளைத் தொடர்ச்சியாகக் கொடுக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. இதைக் கேட்டு வாங்குபவர்கள் குறைவு. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு இன்னொரு கணக்கு: ஜனவரி முதல் மார்ச் முடிவுக்குள் சேர்ந்தால் அடுத்த வருடம் 14 நாள், ஏப்ரல் முதல் ஜூன் முடிவுக்குள் 10, ஜூலை முதல் செப்டெம்பர் முடிவுக்குள் 7, அதற்குப் பிறகு 4. கலியாணம், செத்தவீடு, அலுவல்களைக் கசுவல் லீவில் முடித்து, அந்த ஏழு நாளில் மட்டும் கைவைக்காமல் இருப்பதே முதல் வேலை.

எப்போது எடுப்பது? மாசி மாதம் நல்லது. மழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிராது. பள்ளிக்கூடம் நடக்கிற காலமாகப் பார்த்தால், காலை ஏழரையிலிருந்து ஒன்றரைவரை வீடும் அமைதியாகக் கிடக்கும். முன்னும் பின்னும் ஒரு ஞாயிறோ போயாவோ ஒட்டிவந்தால் இன்னும் வசதி.

பொறுப்புக் கொடுப்பதில்தான் பலருக்குப் பிழைக்கிறது. கடைசி நாள் பின்னேரம் திறப்பைக் கையில் கொடுத்துவிட்டு வந்தால் அடுத்த நாள் விடிய ஐந்து அழைப்பு வரும். இரண்டு நாள் முந்தியே ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள்: முடியாத அலுவல் எது, எந்த ஃபைல் எந்த அலுமாரியில், யார் யார் எதற்கு அழைப்பு எடுப்பார்கள். பிறகு ஒரு நாள் முழுக்கப் பொறுப்பெடுப்பவரே செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் கைகட்டி இருங்கள். சந்தேகமெல்லாம் அன்றைக்கே வெளியில் வந்துவிடும். வட்ஸ்அப் குழுவை ஒலியடக்கும்போது 8 மணித்தியாலம், 1 கிழமை, எப்போதும் என்று மூன்று தெரிவு காட்டும். நடுவில் இருப்பது உங்களுக்கானது.

லீவின் முதல் நாளே தலையிடி என்று பனடோல் தேடுபவர்கள் உண்டு. பெரும்பாலும் காரணம் தேத்தண்ணி. கந்தோரில் நாளுக்கு ஐந்தாறு குடித்துவிட்டு வீட்டில் ஒன்றோடு நின்றால், கஃபீன் குறைந்த 12 முதல் 24 மணித்தியாலத்துக்குள் தலை இடிக்கத் தொடங்கும். லீவுக்கு முந்தின கிழமையிலேயே நாளுக்கு ஒவ்வொன்றாகக் குறைத்துவந்தால் இந்தத் தொல்லை இல்லை. மத்தியான நித்திரை 20, 30 நிமிடத்தோடு போதும். அதைத் தாண்டினால் ஆழ்ந்த நித்திரைக்குள் போய், எழும்பும்போது உடம்பு அடித்துப்போட்டதுபோல் இருக்கும், இராவில் நித்திரையும் வராது. கட்டில் வேண்டாம். வேப்பமர நிழலில் சாய்மனைக் கதிரையும் ஒரு அலாரமும் போதும்.

மற்றபடி ஆறுதல் ஆளுக்கு ஆள் வேறு. நாள் முழுக்கக் கணினிக்கு முன் இருப்பவருக்கு மிளகாய்க் கன்றுக்குத் தண்ணி கட்டுவதே ஓய்வு. நாள் முழுக்க நின்று துணி விற்பவருக்கு அது தண்டனை. கடல்தான் வேண்டுமென்றால் கசூரினாவுக்குக் கிழமை நாளில் போங்கள், ஞாயிறில் சனம் நெரியும். கீரிமலைக் கேணி என்றால் அமாவாசையைத் தவிருங்கள். நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானிலிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம், காற்றுக் காலத்தில் வயிறு புரட்டும். ஏழு நாளில் இப்படி ஒரு பயணம் போதும். தினம் ஒன்று என்று போட்டால் அதுவும் இன்னொரு வேலைதான்.

இன்னொன்று. ஆம்பிளை லீவில் நின்றால் குசினியில் வேலை இரட்டிக்கிறது: மணிக்கொரு தேத்தண்ணி, மத்தியானம் மூன்று கறி. அந்த ஒரு கிழமையில் இரண்டு நாளாவது கடைச் சாப்பாடு எடுங்கள். ஒரு நாள் நண்டு போட்டு ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு) கூழ் காய்ச்சினால் எல்லோருக்கும் ஒரே பானை. ஆனால் ஒடியல் மாவை ஊறவைத்து, மா அடியில் படிந்ததும் மேல் தண்ணியை ஊற்றி, இரண்டு மூன்று தரம் மாற்றினால்தான் கசப்புப் போகும். அதையும் நண்டு உடைப்பதையும் லீவில் நிற்பவரே செய்யட்டும்.

இப்படிக்கு,
வாசகர்,
கோண்டாவில்.