ஸ்லாட் லிங்க் போடும் தம்பி தங்கைகளுக்கு

இன்ஸ்டாகிராமிலும் டெலிகிராமிலும் ஸ்லாட் ஆப்களுக்கு, அதாவது காசு வைத்துப் பட்டனை அமுக்கிப் படங்களைச் சுழலவிடும் சூதாட்ட ஆப்களுக்கு, தமிழில் ஆள் சேர்க்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

வணக்கம். திருப்பூரில் பதினோரு வருடமாக மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஒருவரைத் தவிர உங்களில் யாரையும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் உங்கள் முகங்கள் எனக்கு நல்ல பழக்கம். டிஸ்ப்ளே மாற்றிவிட்டுச் சரிபார்க்க இன்ஸ்டாவைத் திறந்தால் நீங்கள்தான் வந்து நிற்கிறீர்கள். கையில் நோட்டுக்கட்டு, பின்னால் ஒரு பைக், "மச்சி, லிங்க் பயோல இருக்கு."

போன மாதம் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் ஓட்டும் பையன் ஒருவன் வந்தான். போன் கண்ணாடி நடுவில் விரிசல். அதைப் பற்றி அவனுக்குக் கவலையே இல்லை. "ஏங்ணா, வித்ட்ராவ அமுக்குனா ஒண்ணும் ஆக மாட்டேங்குது, டச் போயிருச்சுங்களா?" என்றான். அவனே பேட்டர்ன் போட்டுத் திறந்து கொடுத்தான். டச் நன்றாகவே இருந்தது. ஆப்பில் 2,340 ரூபாய் இருப்பு. வித்ட்ராவை அமுக்கினால் கீழே பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் ஒரு வரி எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது. போனஸ் நிபந்தனை முடியவில்லையாம்.

நீங்கள் ரீலில் சொல்லும் "ஆயிரம் போட்டா ஆயிரம் ஃப்ரீ" இதுதான். விதிமுறைப் பக்கத்தைத் தேடிப் பிடித்து அவனுக்குப் படித்துக் காட்டினேன். போட்டதும் இனாமாக வந்ததும் சேர்த்து 2,000 ரூபாய். அதைப்போல் 35 மடங்குக்குச் சுற்றினால்தான் ஒரு ரூபாயாவது வெளியே எடுக்கலாம். அதாவது 70,000 ரூபாய்க்குப் பந்தயம். பத்துப் பத்து ரூபாயாக வைத்தால் 7,000 சுற்று. சுற்றுக்கு நாலு விநாடி என்றாலும் எட்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. எங்கள் ஊர்க் கணக்கில் ஒரு ஷிஃப்ட். கம்பெனியில் ஒரு ஷிஃப்ட் உட்கார்ந்தால் கூலி உண்டு. இங்கே? 96 சதவீதம் திருப்பித் தரும் மெஷின் என்றே வைத்துக்கொள்வோம். அந்த 96, போட்ட ஆயிரத்துக்கு இல்லை, ஒவ்வொரு சுற்றுக்கும். நூற்றுக்கு நாலு ரூபாய் வீதம் 70,000-க்கு 2,800 போகும். கையில் இருந்ததே 2,000. ஷிஃப்ட் முடியும் முன்பே காலியாவதுதான் கணக்கு. தப்பித் தவறி ஒருவன் ஜெயிக்கலாம், அவனைத்தான் நீங்கள் ரீலில் காட்டுவீர்கள். அந்த 96-ம் உண்மையா என்று பார்க்க இங்கே ஆள் இல்லை. பிளே ஸ்டோரில் கிடைக்காத ஏபிகே, அதாவது லிங்க்கிலிருந்து நேரடியாக இறக்கிப் போனில் ஏற்றும் ஆப் ஃபைல். உள்ளே ஓடுவது அசல் விளையாட்டா, அதைப் பார்த்துச் செய்த போலியா என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

என் அப்பா லாட்டரிச் சீட்டு வாங்குவார். 2003-இல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்யும் வரை வாங்கினார். வீட்டில் சண்டைதான். ஆனாலும் மறுநாள் பேப்பர் வரும்வரை அவர் காத்திருக்க வேண்டும். இடையில் ஒரு ராத்திரி தூங்கி எழுவார், கோபம் தணியும், கை கொஞ்சம் நிற்கும். ஸ்லாட்டில் அந்த ராத்திரியே கிடையாது. பத்து ரூபாய் வைத்து நாலு ரூபாய் வந்தாலும் காசு கொட்டும் சத்தம், திரையில் பட்டாசு. ஆறு ரூபாய் போனதைக் கொண்டாடுகிறோம் என்று யாருக்கும் உறைப்பதில்லை. பிரிட்டனில் இந்த விளையாட்டுக்கு முறையாக லைசென்ஸ் உண்டு. அங்கேயே 2021 அக்டோபர் முதல் அந்தப் பொய்க் கொண்டாட்டத்துக்குத் தடை. ஒரு சுற்றுக்கு இரண்டரை விநாடியாவது ஆக வேண்டும், தானாகச் சுற்றும் பட்டன் கூடாது. 2025-இல் சுற்றுக்கு 5 பவுண்டு என்று உச்சவரம்பு வைத்தார்கள், 25 வயதுக்குள் இருப்பவர்களுக்கு 2 பவுண்டு. அந்தப் பையனுடைய ஆப்பில் தானாகச் சுற்றும் பட்டன்தான் இருப்பதிலேயே பெரிய பட்டன்.

பணம் வந்தவர்கள் கதையும் கேளுங்கள். செக்கிங் வேலை பார்க்கும் ஒரு அக்காவுக்கு உண்மையாகவே 6,000 ரூபாய் வந்தது. பத்தே நாளில் சம்பளக் கணக்கு ஃப்ரீஸ். இந்த சைட்டுகளுக்கென்று சொந்தமாகக் கணக்கு கிடையாது. யாரோ ஏழையின் கணக்கை வாடகைக்கு எடுத்துப் பணத்தை உருட்டுகிறார்கள். அதே கணக்கில் வேறு மோசடிப் பணமும் ஓடும். ஏமாந்தவர் எங்கோ சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்துச் சொன்னால், பணம் போன வழியில் இருக்கும் கணக்குகளையெல்லாம் போலீஸ் நிறுத்தி வைக்கும். அக்காவின் யுபிஐ பட்டியலைப் பார்த்தேன். போட்ட ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயர். ஒன்று காய்கறிக் கடை, ஒன்று தையல் கடை. வங்கிக்குப் போனால், வடக்கே ஒரு ஊர் சைபர் போலீசிடம் பேசச் சொல்கிறார்கள். அக்காவுக்கு அந்த ஊர்ப் பெயரே வாயில் நுழையவில்லை. வீட்டு வாடகை அந்தக் கணக்கிலிருந்துதான் போக வேண்டும்.

உங்களில் நான் பார்த்த அந்த ஒருவர் மூன்று மாதத்துக்கு முன் கடைக்கு வந்தார். கல்லாப் பக்கம் ஒரு க்யூஆர் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளச் சொன்னார். தலைக்கு இவ்வளவு என்று வாங்கலாம். இல்லையென்றால் சேர்த்துவிட்ட ஆள் தோற்பதில் ஆயுசு முழுக்கப் பங்கு. ரீலில் லட்சக்கணக்கில் காட்டுகிறாரே, அது? "அது டெமோங்ணா, அவங்களே பேலன்ஸ் ஏத்திக் குடுப்பாங்க." சரி, நான் சேர்த்துவிட்டவன் ஜெயித்தால்? "நமக்கு மைனஸ். ஆனா மாசக் கடைசில யாரும் மைனஸ்ல நிக்க மாட்டாங்ணா." நல்ல பிள்ளை, ஒளிக்காமல் சொன்னார். டீ வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினேன்.

சட்டம் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ரம்மி, போக்கர் திறமை விளையாட்டு என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. ஸ்லாட்டுக்கு அப்படி யாரும் சொன்னதில்லை. தமிழ்நாட்டுச் சட்டத்தில் சூதாட்ட விளம்பரத்துக்கு ஒரு வருடம் வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தில் இரண்டு வருடம், 50 லட்சம். இதை மிரட்டலாக எழுதவில்லை. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சைட்டின் முகவரி வாரத்துக்கு ஒரு தடவை மாறுகிறது. கணக்கு வாடகை. கஸ்டமர் கேர் ஒரு டெலிகிராம் பெயர். இந்த வியாபாரத்தில் முகம் என்று ஒன்று இருந்தால் அது உங்களுடையதுதான். அந்தப் பையன் ஆயிரம் ரூபாயைப் போட்டது ஆப்பை நம்பி இல்லை. ஆப்பின் பெயரையே அவனுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. உங்கள் பெயரைச் சொன்னான். "அந்த அண்ணன் நம்மூருப் பக்கந்தானுங்க" என்றான்.

பயோவில் இருக்கும் லிங்க்கை எடுங்கள். ஹைலைட்ஸில் இருப்பதையும். எடுத்துவிட்டு அதே இடத்தில், அதே பைக்குக்கு முன்னால் நின்று, "நான் காட்டியது கம்பெனி ஏற்றிக் கொடுத்த பேலன்ஸ்" என்று ஒரு ரீல் போடுங்கள். முப்பது விநாடி போதும். பழைய ரீலைப் பார்த்தவர்களில் பாதிப் பேருக்காவது அது போய்ச் சேரட்டும்.

பையனின் போன் இன்னும் என் டிராயரில்தான் இருக்கிறது. டிஸ்ப்ளேக்கு 1,800 ஆகும் என்றேன், சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று போனான். மூன்று சனிக்கிழமை ஆகிவிட்டது.

இப்படிக்கு,
ஒரு மொபைல் கடைக்காரன்,
திருப்பூர்