கைப்பேசிக்கு அஞ்சும் உதவி ஆய்வாளருக்கு

அன்புள்ள தம்பி,

வாகனச் சோதனைக்கு நின்றால்கூட நான்கு பேர் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள், முன்னும் பின்னும் வெட்டிய அரை நிமிடக் காணொலி இரவுக்குள் ஊரெல்லாம் பரவிவிடுகிறது, மேலதிகாரிகளும் விசாரிக்காமலேயே ஆயுதப்படைக்கு மாற்றிவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நியாயமான மனக்குறைதான். ஆனால் பொதுமக்கள் படம்பிடிப்பதைத் தடை செய்ய வேண்டும் என்ற உங்கள் முடிவை என்னால் ஏற்க இயலவில்லை.

சாத்தான்குளத்தை நினைத்துப் பாருங்கள். 2020 ஜூன் 19 அன்று, ஊரடங்கு நேரத்தை மீறிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகக் கூறி ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். ஜூன் 22 இரவு மகனும், மறுநாள் தந்தையும் இறந்தார்கள். இருவரும் தரையில் உருண்டு புரண்டதில் ஊமைக்காயம் ஏற்பட்டதாக முதல் தகவல் அறிக்கை சொன்னது. பக்கத்துக் கடையின் கேமராப் பதிவில் அப்படி ஒரு காட்சியே இல்லை. நிலையத்துக்குள் நடந்ததைக் காட்டியிருக்க வேண்டிய பதிவோ கிடைக்கவில்லை. ஹார்டு டிஸ்கில் ஒரு டெராபைட் அளவுக்கு இடம் இருந்தும், அன்றன்றைய பதிவு தானாகவே அழிந்துபோகும்படி வைத்திருந்தார்கள் என்று விசாரிக்கச் சென்ற கோவில்பட்டி நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை அளித்தார். அப்படி அமைத்து வைக்க ஒரு கை வேண்டும், அதைக் கண்டும் காணாமல் இருக்கப் பல கண்கள் வேண்டும்.

அந்த வாரம் இணையம் கொதித்தது உண்மை. அந்தக் கொதிப்பு இல்லாதிருந்தால் வழக்கு இவ்வளவு தூரம் போயிருக்குமா என்பதும் ஐயமே. ஆயினும் வழக்கைத் தாங்கி நின்றது, வெளியே சக காவலர்கள் மிரட்டும் தொனியில் கூச்சலிட்டுக்கொண்டிருக்க, நடுங்கியபடியே நடுவரிடம் வாக்குமூலம் அளித்துக் கையெழுத்திட்ட ஒரு பெண் தலைமைக் காவலரின் சாட்சியம். அவரும் உங்கள் துறைதான், தம்பி.

அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று, பஞ்சாபிலிருந்து வந்த பரம்வீர் சிங் சைனி வழக்கில், நுழைவாயில், லாக்கப், வராண்டா, ஆய்வாளர் அறை, நிலையத்தின் பின்புறம் என ஒன்றுவிடாமல் ஒலியும் பதிவாகும் கேமராக்கள் வேண்டும் என்றும், பதிவுகளை 18 மாதங்களும், அதற்கு வசதியில்லாத இடங்களில் குறைந்தது ஓராண்டும் காக்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. இயக்குவதும் பராமரிப்பதும் நிலையப் பொறுப்பு அலுவலரின் கடமை. ஆய்வாளர் விடுப்பில் போகும் நாள்களில் அந்தப் பொறுப்பு உங்கள் தலையில்தான் விழும்.

சுவரில் கேமரா வந்தால் அடி வேறிடத்துக்குப் போய்விடுகிறது என்பதைச் சிவகங்கை மாவட்டத்து மடப்புரம் காட்டியது. 2025 ஜூனில், நகை காணாமல்போன புகாருக்காகக் கோயில் காவலாளி அஜித்குமாரைச் சீருடையில்லாத தனிப்படை அடித்தது நிலையத்தில் அல்ல, கோயிலுக்குப் பின்புறத்தில். அதை மறைவில் நின்று ஒருவர் எடுத்த சில விநாடிக் காட்சிதான் உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகளின் முன் வைக்கப்பட்டது. நீங்கள் விரும்பும் தடை அன்று இருந்திருந்தால் அந்தக் காட்சி எங்கே போயிருக்கும்?

இணையக் கோபத்தை நான் போற்றுவதாக எண்ண வேண்டாம். 2019 டிசம்பர் 6 விடியற்காலையில், ஐதராபாத் அருகே, இளம் கால்நடை மருத்துவர் கொலை வழக்கில் பிடிபட்ட நால்வரைக் காவல்துறை சுட்டுக் கொன்றபோது இதே இணையம் கைதட்டியது, மக்கள் காவலர்கள் மீது பூத்தூவினார்கள். கொல்லும் நோக்கத்துடனேயே சுட்டார்கள் என்றும் பத்துக் காவலர்களைக் கொலைக் குற்றத்துக்கு விசாரிக்க வேண்டும் என்றும் நீதிபதி சிர்புர்கர் ஆணையம் அளித்த அறிக்கை 2022இல் வெளியானபோது, பூத்தூவியவர்களில் ஒருவரும் துணைக்கு வரவில்லை. திட்டும் கூட்டத்தைவிடப் பாராட்டும் கூட்டத்துக்குத்தான் நீங்கள் அதிகம் அஞ்ச வேண்டும் என்பது என் எண்ணம்.

வெட்டிய காணொலிக்கு எதிராக உங்களிடம் இருக்கக்கூடிய ஒரே சான்று வெட்டாத பதிவு. ஆகவே நாளை பணிக்குப் போனதும் நிலையத்து ரெக்கார்டரைத் திறந்து, அதில் ஓடக்கூடிய மிகப் பழைய பதிவு எந்தத் தேதியினது, கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா, பின்வாசல் கேமரா சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவு ஓராண்டுக்குக் குறைவாக இருந்தால் இந்தக் கேமராக்களை மேற்பார்வையிட அதே ஆணையில் சொல்லப்பட்ட மாவட்டக் கண்காணிப்புக் குழுவுக்கு எழுத்து மூலம் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையுடன் ஒரு நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தின் வாசகத்தில் ஐயம் இருந்தால் அனுப்பும் முன் எனக்குக் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் வழக்கறிஞர் அண்ணன்