தோள் நனையாத சோக்கிங் டப்: மாற்றித் தரக் கோரி இரண்டாவது புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்,
சென்னை.

பொருள்: அண்ணா சாலை ஷோரூமில் ஜனவரி மாதம் வாங்கிய ஐந்தரை அடி அக்ரிலிக் சோக்கிங் டப் (உடல் மூழ்க உட்காரும் ஆழமான குளியல் தொட்டி) – அளவு விவரத்தை மறைத்து விற்றது – மாற்றித் தர அல்லது பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா / அம்மா,

வணக்கம். முதல் புகாருக்கு நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல் கிடைத்தது. "டப்பில் விரிசலோ கசிவோ இல்லை, பொருத்திய பொருளை மாற்றித் தர இயலாது" என்று எழுதியிருக்கிறீர்கள். விரிசல் இருப்பதாக நான் எங்குமே சொல்லவில்லை. தண்ணீர் நிற்க வேண்டிய உயரத்துக்கு நிற்கவில்லை என்பதுதான் புகார். அதைப் பற்றி உங்கள் பதிலில் ஒரு வரிகூட இல்லை.

என் அம்மாவுக்குத் தோள்பட்டையும் முதுகும் அடிக்கடி பிடித்துக்கொள்ளும். தோள்வரை வெந்நீரில் உட்கார ஒரு டப் வேண்டும் என்று சொல்லித்தான் ஷோரூமுக்குள் நுழைந்தோம். விற்பனையாளர் இந்த மாடலைக் காட்டி, "நல்ல ஆழம் மேடம், 58 சென்டிமீட்டர்" என்றார். கேட்லாகிலும் உயரம் 58 செ.மீ., கொள்ளளவு 310 லிட்டர் என்றே இருக்கிறது. காலி டப்பில் அம்மாவை உட்காரவும் வைத்தார். விளிம்பு தோளுக்குச் சரியாக வந்தது. ஷோரூமில் யார் தண்ணீர் ஊற்றிப் பார்க்கிறார்கள்?

வீட்டில் தண்ணீர் திறந்துவிட்ட முதல் நாளே விஷயம் தெரிந்துவிட்டது. தண்ணீர் அம்மாவின் விலாவைத் தொட்டதும் ஓவர்ஃப்ளோ துளை (டப் வழியாமலிருக்க மிச்சத் தண்ணீரை வெளியேற்றும் பக்கத் துளை) கடகடவென்று இழுக்க ஆரம்பித்தது. அதற்குமேல் குழாயை எவ்வளவு திறந்தாலும் மட்டம் ஏறவில்லை. முழங்கால் இரண்டும் வெளியே, தோள் வெளியே. பிளம்பர் ஸ்டீல் டேப்பை உள்ளே வைத்து அளந்தார். உள் அடியிலிருந்து துளையின் கீழ் விளிம்புவரை 33 செ.மீ. தான். நீங்கள் சொல்லும் 58, கீழே உள்ள கால்களையும் சேர்த்த வெளி உயரம். 310 லிட்டர் என்பது விளிம்பு வழிய நிரப்பினால் வரும் கணக்கு. துளைவரை பக்கெட்டால் அளந்து ஊற்றினோம். சுமார் 190 லிட்டர் பிடிக்கிறது.

சோக்கிங் டப் வாங்குகிறவருக்கு மிக முக்கியமான அளவு ஓவர்ஃப்ளோ உயரம். நீளம், விளிம்பின் வடிவம், பளபளப்பு எல்லாம் அதற்குப் பிறகுதான். உங்கள் கேட்லாகில் தலையணையின் நிறம்கூட இருக்கிறது, இந்த அளவு மட்டும் இல்லை.

இதைவிட மோசமானது உங்கள் டெக்னீஷியன் வந்துபோன கதை. பையிலிருந்து கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்துத் துளையின் மேல் ஒட்டி, "இப்ப நிறையும் மேடம்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துக் கேட்டார். நாங்கள் இருப்பது நங்கநல்லூரில், அடுக்குமாடியின் இரண்டாவது மாடியில். குழாயைத் திறந்துவிட்டு யாராவது மறந்தால் கீழ்வீட்டுக் கூரை என்ன ஆகும்? எடை விஷயம் வேறு இருக்கிறது. 33 செ.மீ. தண்ணீர் என்றால் அடிப்பரப்பில் சதுர மீட்டருக்கு 330 கிலோ. துளையை அடைத்து விளிம்புவரை, அதாவது உள்ளே 46 செ.மீ. நிரப்பினால் 460 கிலோ. வீட்டுக் குளியலறைத் தளத்துக்கு ஐ.எஸ். 875 (கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தரநிலை) எடுத்துக்கொள்ளச் சொல்லும் சுமை சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 200 கிலோ. தளம் முழுக்கப் பரவலாகக் கணக்கிடும் சுமை அது என்பதால், டப்பை பீம் ஓரமாக வைக்கலாம் என்று எங்கள் சிவில் இன்ஜினியர் பார்த்துச் சொன்ன பிறகுதான் பொருத்தினோம். இன்சுலேஷன் டேப்பை நான் பிய்த்துவிட்டேன். சர்வீஸ் ரிப்போர்ட்டில் "பிரச்சினை தீர்க்கப்பட்டது" என்று எழுதியிருக்கிறார். நான் கையெழுத்துப் போடவில்லை.

அதே ஷோரூமில், சுவரோரமாக நான்கடி நீளத்தில் ஆழமான டப் ஒன்று இருந்தது. ஜப்பானியர்களின் ஒஃபுரோ மாதிரி, காலை மடக்கி உட்கார்ந்தால் தண்ணீர் தோள்வரை வரும் வகை. "அது சின்னது மேடம், காலை நீட்ட முடியாது" என்று விற்பனையாளரே அதிலிருந்து எங்களைத் திருப்பிவிட்டார். காலை நீட்டவா கேட்டோம்? ஐந்துக்கு எட்டு அடி குளியலறைக்கு அதுதான் பொருத்தமும்கூட.

இந்த டப்புக்காக 15 லிட்டர் கீசரைக் கழற்றி 50 லிட்டர் மாட்டினோம். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற ஊரில் டப் எதற்கு என்று கேட்ட உறவினர்களுக்குப் பதில் சொல்லி மாளவில்லை. இப்போது அவர்கள் வந்து பார்த்துவிட்டுச் சிரிக்கிறார்கள். அதற்கு உங்களிடம் நஷ்டஈடு கேட்கவில்லை.

நான் கேட்பது இது: இந்த டப்பை உங்கள் செலவில் கழற்றி எடுத்துக்கொண்டு, அந்த நான்கடி மாடலைத் தாருங்கள். அதற்கு முன் அதன் உள் ஆழம், ஓவர்ஃப்ளோ உயரம், அதுவரை பிடிக்கும் லிட்டர், காலி எடை எல்லாவற்றையும் எழுத்தில் கொடுங்கள். ஆழம் கூடினால் சுமையும் கூடும். இன்ஜினியர் பார்த்துச் சரி என்ற பிறகுதான் எடுப்பேன். அவர் கூடாது என்றால் டப்பின் விலை ரூ.68,000, பொருத்தும் கூலி ரூ.6,500 இரண்டையும் திருப்பித் தர வேண்டும். கூலி வாங்கியதும் உங்கள் ஆட்கள்தான்.

முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 பிரிவு 2(28)-இன்படி தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் அடங்கும். 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்ச ரூபாய்வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணமும் கிடையாது.

இணைப்பு: ரசீது நகல், கேட்லாக் பக்கம், ஸ்டீல் டேப் வைத்து எடுத்த படங்கள், கையெழுத்தில்லாத சர்வீஸ் ரிப்போர்ட். பிய்த்த இன்சுலேஷன் டேப்பும் உறைக்குள் இருக்கிறது.

இப்படிக்கு,
ரசீதில் பெயருள்ள வாடிக்கையாளர்,
நங்கநல்லூர், சென்னை.