அணு எடையா, அணு எண்ணா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மாணவர் பகுதியில் வெளியான தனிம வரிசை அட்டவணை பற்றிய கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். தனிமம், சேர்மம், கலவை ஆகியவற்றின் வேறுபாட்டை அதில் விளக்கியிருந்த விதம் மிகவும் நன்று. ஆனால், 1869இல் ருஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் தனிமங்களை அணு எண் வரிசையில் அடுக்கினார் என்று வந்துள்ள வரி தவறானது. அணு எண், அதாவது அணுக்கருவிலுள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை, என்ற கருத்தே அன்று தோன்றியிருக்கவில்லை. புரோட்டானையும் எவரும் அறியார். அன்று தெரிந்திருந்த 63 தனிமங்களின் அணு எடைகளும், அவை பிறவற்றோடு சேரும் விகிதமுமே அவர் கையில் இருந்தவை.

சிறு பிழைதானே என்று இதை விட்டுவிட மனம் ஒப்பவில்லை. அணு எண் முன்பே தெரிந்திருந்தால் அவர் செய்தது வெறும் அடுக்கும் வேலையாகிவிடும்.

டெலூரியத்தின் அணு எடை 127.6, அயோடினின் அணு எடை 126.9. எடையை மட்டும் பார்த்தால் அயோடின்தான் முன்னால் வரவேண்டும். வகுப்பில் அயோடின் படிகங்களைச் சோதனைக் குழாயிலிட்டு மெல்லச் சூடாக்கும்போது, கருமையான அந்தத் திண்மத்திலிருந்து ஊதா நிற ஆவி எழுவதைப் பிள்ளைகள் கண்கொட்டாமல் பார்ப்பார்கள். குளோரின் வாயு, புரோமின் திரவம், அயோடின் திண்மம் என்றிருந்தாலும், மூன்றும் சோடியத்துடன் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் சேர்ந்து உப்பாகின்றன என்பதைச் சொன்னதும் அவை ஒரே குடும்பம் என்பது அவர்களுக்குப் புரிந்துவிடும். மெண்டலீவும் அந்த உறவையே நம்பி, எடை வரிசையை மீறி, டெலூரியத்தை முன்னும் அயோடினைப் பின்னும் வைத்தார். டெலூரியத்தின் எடையைத்தான் தவறாக அளந்துவிட்டார்கள் என்பது அவர் எண்ணம். அந்த எண்ணம் பிழை. அவர் வைத்த வரிசையோ சரி. அதன் காரணத்தை 1913, 1914 ஆண்டுகளில் எக்ஸ் கதிர் ஆய்வுகளால் காட்டியவர் மோஸ்லி என்ற இளைஞர். வரிசையைத் தீர்மானிப்பது எடையன்று, அணு எண்ணே: டெலூரியத்தின் அணு எண் 52, அயோடினுடையது 53. அடுத்த ஆண்டே மோஸ்லி துருக்கியின் கலிப்போலிப் போர்முனையில், 27 வயதில், உயிரிழந்தார்.

கட்டுரை தொடாமல் விட்ட இன்னொன்றும் உண்டு. அலுமினியத்தின் கீழ் வரவேண்டிய, அதுவரை எவரும் காணாத தனிமத்துக்கு, ஒன்று என்று பொருள்படும் வடமொழிச் சொல்லை முன்னொட்டாக்கி ‘ஏக அலுமினியம்’ என்று பெயரிட்டு, அதன் அடர்த்தி 5.9 இருக்கும் என்று மெண்டலீவ் கணித்திருந்தார். 1875இல் பிரான்சின் லெகோக் த புவாபோதிரான் அந்தத் தனிமத்தை, அதாவது காலியத்தை, கண்டறிந்து, அடர்த்தி 4.7 என்று அறிவித்தார். மெண்டலீவ் அதை ஏற்கவில்லை. மாதிரியை மேலும் தூய்மையாக்கி மறுபடி அளந்தபோது 5.9 என்றே வந்தது.

1869ஆம் ஆண்டின் அந்த முதல் அட்டவணையில் அலுமினியத்தின் வரிசையில் ‘? = 68’ என்றும், சிலிக்கனின் வரிசையில் ‘? = 70’ என்றும், அதுவரை காணாத தனிமங்களுக்கு அவர் எதிர்பார்த்த அணு எடைகள் அச்சிடப்பட்டிருக்கும்; டெலூரியத்தின் எடையான 128க்குப் பக்கத்திலும் ஒரு கேள்விக்குறி உண்டு. அடுத்த இதழில் திருத்தம் வெளியிடும்போது, மாணவர்கள் பார்ப்பதற்காக அந்த அட்டவணையின் படத்தையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
தஞ்சாவூர்.